ஐதராபாத்தின் பழைய கட்டட வரைபடங்கள்: ஆண்டும் பெயரும்

செகந்திராபாத் கண்டோன்மென்டை ஒட்டிய லோத்குண்டா என்னும் ஊர்ப்பெயரைத் தெலுங்கறிந்தோர் 'ஆழக் குளம்' எனப் பிரித்துணர்வர். 'குண்ட' என்பதற்குத் தமிழ்க் 'குண்டு' உறவுச்சொல்லாகும். வரைபடங்களில் உருதுவிலோ ஆங்கிலத்திலோ சிதைந்து காணப்படும் பெயர்களை இம்முறையில் மீட்டுவிடலாம். ஆண்டைப் படிப்பதே அரிது.

நிஜாம் அரசு அலுவலகங்கள் பசலி ஆண்டைக் கையாண்டன. அதனுடன் 590ஐக் கூட்டினால் ஏறத்தாழக் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். வரைபடமொன்றில் 1325 என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். பசலியாயின் அது 1915-16, ஹிஜ்ரியாயின் 1907-08. இடையில், 1908 செப்டம்பரில், மூசி வெள்ளம் நகரைப் பாழாக்கியது. 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. ஆண்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர், வெள்ளத்திற்குப் பின் திட்டமிட்ட கட்டடத்தை அதற்கு முன்னரே எழுப்பிவிடுவார்.

படியின் பெயரும் இத்தகையதே. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்ட முறையில் உருவாகும் நீலப்படியில் தரை நீலம், கோடு வெள்ளை. வெண்தரையில் நீலக்கோடு காட்டும் டயசோ படியையும் பேச்சு வழக்கில் 'புளூபிரிண்ட்' என்றே அழைக்கின்றனர். அட்டவணையில் இவ்வழக்கு நுழைதல் ஆகாது. நீலப்படியைக் காரம் அழிக்கும்; ஆகவே, பிற ஆவணங்களுக்கு உகந்த காரமூட்டிய உறை அதற்குப் பகையாகும். டயசோ படியோ தன்னை அடுத்துள்ள தாள்களைக் கறைப்படுத்தக்கூடியது. தனியே வைக்கப்பட வேண்டும். கஞ்சியூட்டிய வரைதுணியை ஈரத்துணியால் துடைத்தல் கூடாது. கஞ்சி கரைந்து கோடுகளும் உடன் போய்விடும்.