அம்பறாத்தூணியில் ஒரு பெயர்

கெய்ரோவிலுள்ள எகிப்தியத் தேசிய நூலகத்தில், பாரசீகக் கவிஞர் சஅதியின் ‘பூஸ்தான்’ நூற்படி ஒன்று இருக்கின்றது. ஹிஜ்ரீ 893இல், அதாவது கி.பி. 1488இல், ஹிராத்தை ஆண்ட சுல்தான் ஹுசைன் பைகராவுக்காக உருவாக்கப்பட்டது அது. அதனை அழகுற எழுதிய சுல்தான் அலீ, நூலின் இறுதியில் தம் பெயரை வெளிப்படையாகவே பொறித்துள்ளார். ஓவியம் தீட்டிய பிஹ்ஸாத் அவ்வாறு செய்தாரில்லை. தாரா மன்னனும் குதிரை மேய்ப்பவனும் உரையாடும் ஓவியத்தில், மன்னனது அம்பறாத்தூணியின் மீது, தேடிப் பார்ப்போர் கண்ணுக்கு மட்டுமே படும்படி, ‘அமலுல் அப்து பிஹ்ஸாத்’ என்று எழுதியிருக்கிறார். அடியான் பிஹ்ஸாதின் வேலை என்பது அதன் பொருள்.

தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஏன் இத்தனை தயக்கம்? இறைமறையைப் பெயர்த்தெழுதும் கை என்பதால் காத்திபுக்குத் தனி மதிப்பு இருந்தது. உருவம் வரைபவரின் நிலை வேறு. ஓவியரைக் குறிக்கும் ‘முஸவ்விர்’ என்னும் சொல், இறைவனின் திருநாமங்களுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 59ஆம் அத்தியாயத்தில் வருவதை நம் வாசகர் அறிவர். உருவமைத்தல் குறித்த கண்டிப்பான ஹதீஸ்களையும் அறிவர். அச்சொல்லைத் தமக்குச் சூட்டிக்கொள்ள எளிதில் மனம் வருமா? பிஹ்ஸாதின் நெஞ்சில் இருந்தது இந்த அச்சந்தானா, அரசவைப் பணிவு மட்டுந்தானா என்று நாம் துணிந்து கூறவியலாது. ‘அப்து’ இரண்டுக்கும் பொருந்துகின்ற சொல். ஆயினும், பணிவு ஒன்றே நோக்கமாயின் பெயரையே விட்டிருக்கலாமே! மறைத்தேனும் எழுதினார்.

அக்பரின் ஓவியக் கூடத்தில் ஒருவர் கோடிடுவார், மற்றொருவர் வண்ணம் தீட்டுவார்; முகத்தை மட்டும் மூன்றாமவர் வரைவதும் உண்டு. இன்னார் இன்ன வேலை செய்தார் என்பதை ‘அக்பர் நாமா’ ஓவியங்களின் கீழ்விளிம்பில் எழுத்தர்கள் சிவப்பு மையால் குறித்துவைத்தார்கள். பெயர் நிலைத்தது, எழுதிய கை ஓவியருடையதன்று. பல்லக்குத் தூக்கியின் மகனான தஸ்வந்தை இன்று நாம் அறிவதும் இத்தகைய குறிப்புகளாலும், அபுல் ஃபஸ்லின் ‘ஆயினே அக்பரீ’யாலுந்தான்.

ஜஹாங்கீர் காலத்தில் காற்று மாறி வீசியது. அபுல் ஹஸனுக்கு 1618இல் ‘நாதிருஸ் ஸமான்’ (காலத்தின் அற்புதம்) என்னும் பட்டம் கிடைத்தது. மன்சூர் ‘நாதிருல் அஸ்ர்’ ஆனார். மன்சூர் 1621இல் வரைந்த வரிக்குதிரை ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதனை வரைந்தவர் உஸ்தாத் மன்சூர் என்னும் குறிப்பு அதன்மீது காணப்படுகிறது. எழுதியவர் எழுத்தருமல்லர், ஓவியருமல்லர். பாதுஷா ஜஹாங்கீரே தம் கைப்பட எழுதியிருக்கிறார்.