எந்த உரிமை முதலில்?

கீரனூரில் மஃரிபுக்குப் பிறகு நடக்கும் வகுப்பில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை கேட்டார்: "ஹஜ்ரத், அரசியலமைப்புச் சட்டத்துல நமக்கு ரொம்ப முக்கியமானது 25-வது பிரிவுதானே?" கூட இருந்த பெரியவர்களும் தலையசைத்தார்கள். விரும்பிய மார்க்கத்தைப் பின்பற்றவும் எடுத்துச் சொல்லவும் உரிமை தரும் பிரிவு அது. ஜும்ஆ மேடைகளில் நாங்கள் அதிகம் சொல்வதும் அதைத்தான். ஆனாலும் எனக்கு உடனே ஆம் என்று சொல்ல வரவில்லை.

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அத்தியாவசியம், தேவை, அழகு என்று மூன்று படிகளைச் சொல்வார்கள். ளரூரிய்யாத் என்னும் முதல் படியில் மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, சொத்து ஆகிய ஐந்தும் வரும். மார்க்கம் முதலில் எண்ணப்பட்டாலும், பசியால் உயிர் போகும் நிலையில் இருப்பவனுக்கு விலக்கப்பட்ட உணவையும் அதே மார்க்கம் அனுமதிக்கிறது. உயிர் இருந்தால்தானே தொழுகை!

நம் நாட்டுச் சட்டமும் பட்டுத்தான் இதைக் கற்றது. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில், 14, 21, 22 ஆகிய பிரிவுகளுக்காக யாரும் நீதிமன்றம் போக முடியாது என்று குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தது. தமிழகத்தில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, பலர் மிசாவில் சிறை சென்றார்கள். காரணம் சொல்லாமல் அடைத்து வைப்பது சரியா என்ற கேள்வி ஜபல்பூர் வழக்காக உச்ச நீதிமன்றம் போனது. அதிகாரி ஒருவர் சட்டவிரோதமாக ஒருவரின் உயிரையே பறித்தாலும் இப்போது பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். இல்லை என்பதே அரசுத் தரப்பின் பதில். 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது.

அதன் பிறகு 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தம், எந்த நெருக்கடியிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது என்று எழுதி வைத்தது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உரியது 21. குற்றச்சாட்டுக்கு ஆளானவரின் பாதுகாப்பு 20. மற்றவற்றுக்கு இந்தக் கவசம் இல்லை, 25-க்கும் 30-க்கும் கூட இல்லை. அந்த 25-வது பிரிவுமே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கும் இந்த அத்தியாயத்தின் மற்ற பிரிவுகளுக்கும் உட்பட்டே தொடங்குகிறது. ஜபல்பூர் தீர்ப்பை 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றமே தவறென்று சொன்னது. அன்று அப்படி எழுதியவர்களில் ஒருவர் சந்திரசூட். அன்று நால்வரில் இருந்த சந்திரசூட்டின் மகன்!

அம்பேத்கரோ 32-வது பிரிவைத்தான் அரசியலமைப்பின் உயிர்நாடியாகக் கண்டார். உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம் என்பது அது. 1948 மார்ச் 3 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பிரஜைகளாக இருந்த நம் பாட்டனார்களுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது.

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பையனை விசாரணைக்கென்று அழைத்துப் போனார்கள். எங்கே என்று குடும்பத்துக்குச் சொல்லவில்லை. அவன் உம்மா இரவு முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தார். 22-வது பிரிவைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்று சரியாகத் தெரியாது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலுக்கு இந்த மூன்றும் பொருந்தாது. அதிலும் காரணங்களைத் தெரிவிக்கவும், முறையீடு செய்ய வாய்ப்புத் தரவும் வேண்டும். ஆவணங்களைத் தமிழில் மொழிபெயர்த்துத் தராததால் ரத்தான உத்தரவுகள் பல உண்டு. நம் மாவட்டத்துக்கு ஆட்கொணர்வு மனு போட வேண்டிய இடம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். லெணாவிலக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டாக வாழ்கிறார்கள். 14, 21, 25 எல்லா மனிதருக்கும் உரியவை என்பதால் அவர்களுக்கும் உண்டு. பேச, சங்கம் வைக்க, விரும்பிய ஊரில் குடியிருக்க உரிமை தரும் 19 குடிமக்களுக்கு மட்டுமே. ஓட்டும் அப்படித்தான். அந்த ஓட்டு அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே இல்லை, 326-வது பிரிவில் தனியாக இருக்கிறது. ஆகவே வாக்காளர் பட்டியலில் உங்கள் வீட்டாரின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது 25-வது பிரிவை மனப்பாடம் செய்வதைவிட அவசரமான வேலை.

கேட்ட பிள்ளைக்கு நான் கடைசியில் சொன்ன வரிசை 21, 22, 32, பிறகு 25. அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். கூடவே 15100 என்ற எண்ணையும் எழுதச் சொன்னேன். இலவச சட்ட உதவிக்கான எண் அது. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே அந்த உதவி கிடைக்கும்.