ரொறன்ரோவில் பெண் வாக்குரிமை: நிபந்தனைகளின் வரலாறு

1870களின் பிற்பகுதியில் ரொறன்ரோவில் மருத்துவர் எமிலி ஸ்டோ நிறுவிய பெண்கள் இலக்கியக் கழகம், வாசிப்புக்கும் சொற்பொழிவுக்கும் உரிய அமைப்பாகத் தோன்றினாலும், வாக்குரிமைக் கோரிக்கையை வெளிப்படையாக எழுப்ப முடியாத காலத்தில் அதற்குத் திரையாக அமைந்தது. பெண் என்பதாலேயே 1865இல் நகரின் மருத்துவப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டு, நியூயார்க்கில் படித்து 1867இல் பட்டம் பெற்ற ஸ்டோவுக்குத் தொழில் உரிமம் 1880இல்தான் கிடைத்தது; சட்டமியற்றும் அவையில் பெண்களுக்குக் குரலில்லாத நிலை எத்தகையது என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார். 1883இல் கழகம் வாக்குரிமைச் சங்கமாகப் பெயர் மாறியது.

அடுத்த ஆண்டு ஒன்ராறியோ மாகாணம், சொத்துடைய கைம்பெண்களுக்கும் மணமாகாத பெண்களுக்கும் மட்டும் நகராட்சித் தேர்தலில் வாக்குரிமை அளித்தது. சொத்துள்ள ஒருத்தி மணம் செய்துகொண்டால் அந்த உரிமையை இழந்தாள். ஆகவே அதை உரிமை என்பதைவிட, கணவனில்லாத சொத்துக்கு அரசு தந்த சலுகை என்பதே பொருந்தும்.

1896இல் ஸ்டோவும் தோழியரும் ரொறன்ரோவில் மாதிரி நாடாளுமன்றம் ஒன்றை, அதாவது அவை நடவடிக்கைகளைப் போலச் செய்து காட்டும் மேடை நிகழ்ச்சியை, நடத்தினர். அதில் உறுப்பினர்கள் அனைவரும் பெண்கள். வாக்குரிமை கேட்டு மனுவுடன் வந்து நின்றவர்களோ ஆண்கள். ஸ்டோ தலைமைச் சட்ட அதிகாரியாக அமர்ந்து, பெண்களிடம் ஆண்கள் அதுவரை சொல்லிவந்த மறுப்புரைகளை அந்த ஆண்களுக்கே திருப்பிச் சொன்னார். ஒரு பாலாரின் கோரிக்கையை மறுபாலார் மட்டுமே கூடித் தீர்மானிப்பது மக்களாட்சி ஆகாது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெந்த மனுவும் உணர்த்தியிருக்காது.

ஸ்டோ 1903இல் மறைந்தார். ஒன்ராறியோ 1917இல் மாகாண வாக்குரிமை அளித்தது. அதே ஆண்டு கனடியக் கூட்டரசோ போர்வீரர்களின் மனைவி, தாய், சகோதரி, மகள் போன்ற உறவினருக்கு வாக்குரிமை அளித்து, மற்றப் பெண்களில் பெரும்பாலோரை 1918 வரை காக்கவைத்தது. ஒன்ராறியோ சட்டமன்றத்தில் அமரும் தகுதி 1919இல் வந்தபோதும், அக்னஸ் மக்பெயிலும் ரே லக்கொக்கும் முதற்பெண் உறுப்பினர்களாகத் தேர்வானது 1943இல்தான். பூர்வகுடிப் பெண்களில் பெரும்பாலோர், தம் ஆண்களைப் போலவே, 1960 வரை கூட்டரசுத் தேர்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

இன்றைய ரொறன்ரோத் தமிழர் பலரின் தாயகமான இலங்கையில், 21 வயது நிறைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் 1931இலேயே வாக்கு வந்தது. ஆயினும் அங்கும் தோட்டத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோரிடமிருந்து குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன.