தென்னமரம் தோட்டமும் ஒரு சிறு வண்டும்



தொழில்துறையும் பல்கலைக்கழகமும் இணைந்தால்தான் தொழில்நுட்பக் கல்வி வளரும் என்று அடிக்கடி கேட்கிறோம். அதற்குரிய வரலாற்றுப் பாடம் ஒன்று நம் கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே தொடங்குகிறது.

இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையில், 1917-ஆம் ஆண்டு, பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் செம்பனைத் தோட்டம் அதுவே.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் தனித்தனியே தோன்றும். காற்றே மகரந்தத்தைச் சேர்க்கிறது என்று நெடுங்காலம் நம்பினர். ஆயினும் இங்குக் காய்ப்புப் போதவில்லை. ஆகவே, தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று மகரந்தத் தூளைக் கையால் தூவ வேண்டியிருந்தது.

ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டில் பணியாற்றிய யூனிலிவர் தோட்ட அதிகாரி லெஸ்லி டேவிட்சன், அங்குப் பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதைக் கண்டு, காற்றுதான் காரணமா என ஐயுற்றார். பின்னர் அந்நிறுவனத்தின் பொருளுதவியுடன் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது ஆராய்ந்து, வண்டுகளே மகரந்தத்தைச் சுமக்கின்றன என்று மெய்ப்பித்தார். பிற பயிர்களுக்குத் தீங்கில்லை எனச் சோதித்த பின்னர், 1981-இல் ஜொகூர் மாநிலக் குளுவாங்கில் அவ்வண்டுகள் விடப்பட்டன. காய்ப்பு உயர்ந்தது, கையால் தூவும் வேலை தேவையற்றதாயிற்று.

தோட்டத்தில் எழுந்த ஐயம், நிறுவனத்தின் பொருள், அறிஞரின் ஆய்வு ஆகிய மூன்றும் சேர்ந்ததால் விளைந்த வெற்றி இது. ஆனால், நாள்தோறும் அப்பூக்களைத் தொட்ட தொழிலாளியின் பெயர் இவ்வரலாற்றில் இல்லை. என் நெஞ்சை உறுத்துவது இதுவே. அவர் உழைப்பைத் தந்தார். கேள்வி கேட்கும் இடத்தில் அவரை எவரும் அமர்த்தவில்லை.

அவர்தம் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். 1999-இல் சிலாங்கூர் தொழில்துறைப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய யுனிசெல்லின் வளாகம் அதே பெஸ்தாரி ஜெயாவில் உள்ளது. முதல் செம்பனைத் தோட்டமும் பல்கலைக்கழகமும் ஒரே ஊரில் அமைந்திருப்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

ஆசிரியர்களே, மகரந்தச் சேர்க்கையைக் கற்பிக்கும்பொழுது மாணவர்களைச் செம்பனை மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கு எழும் கேள்விகளைப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களிடம் கொண்டு செல்லுங்கள். பெற்றோர்களே, தோட்டத்தில் நீங்கள் கண்டறிந்தவற்றைப் பிள்ளைகளிடம் கூறுங்கள். அதுவும் அறிவியலே.

அடுத்த கண்டுபிடிப்பின் வரலாற்றிலாவது நம் பிள்ளைகளின் பெயர் இடம்பெறட்டும்.