பெரிய பாதையும் கன்னிச்சாமியும்

சபரிமலைக்கு முதன்முறையாக மாலை அணிந்து செல்பவர் கன்னிச்சாமி எனப்படுவார். எழுபது வயதில் மலையேறத் தொடங்குபவரும் கன்னிச்சாமிதான். நான்கைந்து முறை போய்வந்த சிறுவன் அவருக்கு மூத்த சாமி. பதினெட்டாம் முறை செல்பவர் சன்னிதானத்தில் தென்னங்கன்று நட்டுக் குருசாமி என்ற நிலைக்கு உயர்கிறார். பெரும்பாலான தலங்களில் முதல்முறை வருபவருக்கென்று தனிச்சடங்கு கிடையாது. சபரிமலையிலோ யாத்திரையின் பழைய சடங்குகளில் பல கன்னிச்சாமியை நடுவில் வைத்தே அமைந்தவை.

இதற்குத் தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது. மணிகண்டனாகிய ஐயப்பன் மகிஷி என்னும் அரக்கியை வதம் செய்தபோது சாபம் நீங்கி எழுந்த பெண் அவரை மணக்க விரும்பினாள். என்னைக் காண ஒரு கன்னிச்சாமிகூட வராத ஆண்டில் உன்னை மணப்பேன் என்று அவர் வாக்களித்தாராம். அவளே மாளிகைப்புறத்தம்மன். கன்னிச்சாமிகள் தங்கள் வருகைக்கு அடையாளமாகச் சரங்குத்தியில் மரச்சரங்களைக் குத்திவிட்டுப் போகிறார்கள். மகரவிளக்கு விழாவில் மேளதாளத்துடன் அங்கே எழுந்தருளும் அம்மன், குவிந்து கிடக்கும் சரங்களைப் பார்த்துவிட்டு மேளம் ஓய்ந்த நிலையில் திரும்புகிறாள். ஆக, அந்த ஆண்டு திருமணம் நடக்காததற்குச் சாட்சி சொல்பவர் அன்று முதன்முதலாக வந்தவரே.

கார்த்திகை முதல் நாள் மாலை அணிவதோடு விரதம் தொடங்குகிறது. ஒரு மண்டலம், அதாவது 41 நாள், காலையும் மாலையும் குளிர்ந்த நீரில் குளியல், தரையில் படுக்கை, புலால் விலக்கல், பிரம்மசரியம். கன்னிச்சாமிக்குக் கறுப்பு உடை வழக்கம். புறப்படுவதற்கு முன் அவர் வீட்டில் பஜனையும் அன்னதானமுமாகக் கன்னி பூஜை நடக்கும். பிறகு குருசாமி இருமுடி கட்டுகிறார். முன்முடியில் நெய் நிரப்பிய தேங்காயும் பூஜைப் பொருள்களும்; பின்முடியில் வழிக்கு வேண்டிய அரிசி முதலியவை. வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் கிளம்ப வேண்டும். யானையும் புலியும் நடமாடும் காட்டில் திரும்பி வருவது உறுதியில்லாதிருந்த காலத்தில் இந்த விதி வெறும் சம்பிரதாயமாக இருந்திருக்க முடியாது.

அந்தக் காட்டுவழிதான் பெரிய பாதை. எருமேலியில் தொடங்கி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எருமேலியில் உடலெங்கும் வண்ணப்பொடி பூசி, இலைதழை கட்டி, மரக்கதையும் சரமும் ஏந்திக் கன்னிச்சாமிகள் பேட்டை துள்ளுகிறார்கள். துள்ளலின் நடுவே ஐயப்பனின் தோழர் வாவரின் பள்ளிவாசலை வலம் வந்து காணிக்கை செலுத்துவதும் முறை. சரங்குத்தியில் குத்த வேண்டிய சரத்தை இங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

பேரூர்த்தோடு, காளைகட்டி தாண்டினால் அழுதை நதி. நதியில் முங்கி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அழுதைமேடு ஏற வேண்டும். மேலே கல்லிடும் குன்றில் அதைப் போட வேண்டும். மகிஷியின் உடல் மீண்டும் எழாதபடி கற்களால் மூடிய இடம் அது என்பது நம்பிக்கை. தலையில் இருமுடியும் கையில் கல்லுமாகச் செங்குத்தான ஏற்றத்தில் ஏறுபவருக்கு, மலைப்பாதை எப்படிப்பட்டது என்பது அங்கேயே விளங்கிவிடும். அதைவிடக் கடினமானது கரிமலை. ஏற்றத்துக்கு இணையாக இறக்கமும் முழங்காலைச் சோதிக்கும். பொழுது சாய்ந்ததும் விரி எனும் தற்காலிகத் தங்குமிடம் அமைத்து, ஆழி எனும் நெருப்பை மூட்டி, சரணம் சொல்லித் தங்குவது பழைய வழக்கம். நெருப்பு குளிருக்கும் ஆயிற்று, விலங்குகளிடமிருந்து காவலும் ஆயிற்று. மறுநாள் அந்தச் சாம்பலையே குருசாமி திருநீறாகக் கொடுப்பார். வலியானவட்டம், சிறியானவட்டம் கடந்து பம்பையை அடைந்தால் நீராடலும் குழுவாகச் சமைத்துண்ணும் பம்பா சத்யையும் உண்டு. அப்புறம் நீலிமலை, அப்பாச்சிமேடு, சபரிபீடம், சரங்குத்தி, கடைசியில் பதினெட்டாம் படி. இருமுடி இல்லாதவர் அந்தப் படியில் ஏற முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை இந்த யாத்திரைக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் கேரளத்தினரும் அதையொட்டிய தமிழ்ப் பகுதியினருமே. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூருடன் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்குக் குமுளி வழி பக்கம். மதுரைக்கு வடக்கே ஐயப்பன் பெயர் பரவலாகத் தெரியாத காலம் அது. 1950இல் கோயில் தீக்கிரையானதும் நிலைமை மாறியது. நீதிக்கட்சித் தலைவர் பி.டி.ராஜன் முதலியோரின் முயற்சியில் புதிய ஐம்பொன் விக்கிரகம் உருவாகித் தமிழகத்தின் பல ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டது. 1951இல் பிரதிஷ்டை நடந்தது. நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழு ஐயப்பன் கதையை மேடையேற்றியது. அந்தக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்த எம்.என்.நம்பியார் பிற்காலத்தில் திரையில் வில்லனாகவும் வெளியே குருசாமியாகவும் அறியப்பட்டவர். சென்னைத் திரையுலகில் பலரைக் கன்னிச்சாமிகளாக மலைக்கு அழைத்துச் சென்றவர் அவர். பாடகர் கே.வீரமணியின் பாடல்கள் அதற்குமேல் ஐயப்பன் பெயரை ஊர்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தன. கன்னிச்சாமிகள் குறைவதற்குப் பதில் பெருகினார்கள்.

பெருகியவர்களுக்காகப் பாதை சுருங்கியது. சாலை சாலக்கயம்வரையும் பிறகு பம்பைவரையும் வந்தபின் நடக்க வேண்டிய தொலைவு ஐந்து கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தது. 1975இல் வெளியான ‘சுவாமி ஐயப்பன்’ படத்தின் வருவாயைக் கொண்டு, நீலிமலை ஏற்றத்தைத் தவிர்க்கும் சுவாமி ஐயப்பன் சாலையும் போடப்பட்டது. இதனால் இழப்பு எல்லாச் சடங்குகளுக்கும் ஒரே அளவில் நேரவில்லை. பேட்டை துள்ளல் சாலையோர ஊரில் நடப்பதால் பிழைத்தது. வேனில் வருபவர்கள் எருமேலியில் இறங்கித் துள்ளிவிட்டு மீண்டும் ஏறிக்கொள்கிறார்கள். சரங்குத்தி சன்னிதானத்துக்கு அருகே இருப்பதால் அதற்கும் குறையில்லை. நடுவில் கிடந்த அழுதையும் கல்லிடும் குன்றும்தான் பெரிய பாதையில் வருபவர்களுக்கு மட்டும் உரியவையாக ஒதுங்கின. எந்தச் சடங்கு நிலைக்கும் என்பதை அதன் புனிதத்தைவிடப் பேருந்து நிற்கும் இடமே அதிகம் தீர்மானித்தது எனலாம்.

கூட்டம் வேறு ஆபத்துகளையும் கொண்டுவந்தது. மகரஜோதி நாளன்று 1999இல் பம்பையிலும் 2011இல் புல்லுமேட்டிலும் நேர்ந்த நெரிசல்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோரும் நூற்றுக்கு மேற்பட்டோரும் முறையே மாண்டனர். இதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. தரிசனத்துக்கு முன்பதிவு வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பைக் கரையின் கட்டடங்கள் சிதைந்தபின் அடிவார முகாம் நிலக்கல்லுக்கு மாறி, அங்கிருந்து அரசுப் பேருந்தில் பம்பை வரும் ஏற்பாடு அமைந்தது. கொரோனா காலத்தில் மூடப்பட்ட பெரிய பாதை 2021 டிசம்பர் இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டது. வழியின் பெரும்பகுதி பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு என்பதால், மண்டல, மகரவிளக்குக் காலங்களில் மட்டும், வனத்துறை குறிக்கும் பகல் நேரத்துக்குள் நுழைபவர்களையே இப்போது அதில் விடுகிறார்கள்.