முன்னறிகுறிகளும் பாகூர் நிலமும்

வரவிருக்கும் கேட்டை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மாந்தர் அனைவர்க்கும் பொதுவானது. பல்லி சொல்லும், கோடாங்கியின் உடுக்கும், ஜாதகக் கட்டங்களும் அதன் வெளிப்பாடுகளே. புதுவை வரலாற்றில் இதனை நாம் தெளிவாகக் காண்கிறோம்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் வாணிபச் செய்திகளோடு சோதிடமும் சகுனமும் இடம்பெறுகின்றன. ஆனால் அக்காலத்தின் கேடுகளை விளைவித்தவை இரு ஐரோப்பிய அரசுகளின் போட்டியும் படைகளுமே. 1752இல் பாகூரில் போர் மூண்டது. 1760இல் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. முற்றுகையிடப்பட்ட புதுவை பட்டினியால் வாடியது. 1761 ஜனவரி 1ஆம் நாள் வீசிய பெரும்புயல் ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றை அழித்தது. விடுதலையின் அடையாளம் என எண்ணத்தக்க நிகழ்ச்சி அது. ஆயினும் ஜனவரி 16இல் நகர் வீழ்ந்தது. பிள்ளையவர்கள் அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னரே மறைந்தார்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. அதனை வானிலைத் துறை முன்னறிவித்திருந்தது. மழை ஓய்ந்தபின், சாத்தனூர் அணையினின்று திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ச் சிற்றூர்களில் புகுந்தது. ஆற்றுநீரின் வரவு கணக்கிடத்தக்கது. அக்கணக்கு கரையோரக் குடிசையை வேளையோடு எட்டுகிறதா என்பதே வினா.

எசேக்கியேல் நூலின் காவற்காரன் வருங்காலத்தைக் கணிப்பவன் அல்லன். வருவதைக் கண்டவுடன் எக்காளம் ஊதுபவன். குறி கேட்கச் செல்லும் எளியோரை நாம் ஏளனம் செய்யலாகாது. அவர்களுடைய அச்சத்திற்குக் காரணம் உண்டு. அறிந்ததை அவர்கள்பால் கொண்டு சேர்ப்பதே நம் கடமையாகும்.