பல்லின் திசையும் சிலந்தியின் உறவும்

சிலந்தியின் வாய்க்கு முன்னால் கெலிசெரா எனப்படும் ஒரு ஜோடி உறுப்புகள் உண்டு. அவற்றின் நுனியில் நச்சுப்பற்கள். டாரன்டுலாவில் இவை இணையாகக் கீழ்நோக்கிக் குத்தும். தோட்டத்தில் வட்டவலை பின்னும் சிலந்தியில் இடுக்கிபோல எதிரெதிரே மூடும்.

பல்லின் திசையை மட்டும் பார்த்தால், தென்கிழக்கு ஆசியாவின் லிபிஸ்டியஸ் சிலந்தி, அதன் பற்களும் இணையாகவே இருப்பதால், டாரன்டுலாவுக்கு நெருங்கிய உறவு என்றே தோன்றும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆர்.ஐ. போகாக் 1892இல் வேறு முடிவுக்கு வந்தார். லிபிஸ்டியஸின் வயிற்றின் மேல் வரிசையாகத் தகடுகள் உள்ளன. நூல் சுரக்கும் உறுப்புகளோ வயிற்றின் நடுப்பகுதியில் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு அதைத் தனிப் பிரிவாக்கி, மற்ற இரு வகைகளையும் ஒரே கிளையில் சேர்த்தார். துணிச்சலான முடிவு அது. இணையாகக் குத்தும் பற்கள் மூதாதையரிடமிருந்து எஞ்சிய பழைய பண்பு. அது இரண்டிலும் இருப்பது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. பிற்கால மரபணு ஆய்வுகளும் போகாக்கின் பிரிவையே உறுதிசெய்தன.